கைபேசிக்குள் இருக்கும் தங்கம்

முகப்பேரை ஒட்டி 1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையின் லேத் பட்டறைகளில் உலோகச் சீவல் குவியும். அதன்மேல் காந்தத்தை ஓட்டினால் இரும்பு ஒட்டிக்கொள்ளும். பித்தளையும் அலுமினியமும் அப்படியே கிடக்கும்.

கைபேசிக்குள் இருக்கும் மின்னணுப் பலகையின் உலோகங்கள் அவ்வளவு எளிதில் பிரியாது. பலகையை நொறுக்கி, உருக்கி, கிடைக்கும் செம்பைக் கந்தக அமிலமும் மயில்துத்தமும் கலந்த கரைசலில் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சுவார்கள். தூய செம்பு எதிர்த் தகட்டில் படியும். தங்கமும் வெள்ளியும் கரையாமல் அடியில் சேறாகத் தங்கும். அந்தச் சேறுதான் புதையல்!

தமிழர் தலைமுறைகளாக உழைத்த கோலார் தங்கவயல் 2001-இல் மூடப்பட்டபோது, ஒரு டன் பாறையில் சில கிராம் தங்கமே தேறியது. ஒரு டன் பழைய கைபேசிகளில் அதைப்போலப் பல மடங்கு உண்டு.

செம்புக்காக வயரை எரித்தால் நச்சுப்புகைதான் மிஞ்சும். பழுதான கைபேசியைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே கொடுங்கள்.