மலைக்குள் அழுத்தும் தண்ணீர்

தலவாக்கலையில் கொத்மலை ஓயாவை மறித்து நிற்கும் அணையிலிருந்து தண்ணீர் சுமார் 13 கிலோமீற்றர் சுரங்கத்துக்குள் ஓடி, மலையைக் குடைந்து கட்டிய மின்நிலையத்தில் விழுகிறது. 2012இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாட் மேல் கொத்மலைத் திட்டம் இது. தண்ணீர் இறங்கும் உயரம் ஏறத்தாழ 470 மீற்றர். பத்து மீற்றருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் என்று வைத்தால், அடியில் 47 மடங்கு. இவ்வளவு அழுத்தம் பாறையைப் பிளந்துவிடாதா?

பாறையின் இறுக்கம் அதைவிடக் குறைவாக இருந்தால் பிளந்துவிடும். 1947இல் அமெரிக்காவின் கான்சாஸில் ஓர் எரிவாயுக் கிணற்றுக்குள் திரவத்தை அழுத்திச் செலுத்தி இதைத்தான் முயன்று பார்த்தார்கள். இன்று மணலும் இரசாயனமும் கலந்த தண்ணீரால் பாறையைப் பிளந்து வாயு எடுக்கிறார்கள். நம் மலையகத்துக்கு அந்தத் தொழில் வராது. ஆழத்தில் வெந்து உருமாறிய இந்தப் பாறையில் எண்ணெயோ வாயுவோ தங்கியிருக்காது.

ஆனால் சுரங்கம் அமைக்கும் பொறியியலாளர்கள் அதே பிளவைச் சிறிய அளவில் வேண்டுமென்றே உண்டாக்குவார்கள். பாறையில் துளையிட்டு, இரண்டு ரப்பர் அடைப்பான்களை இறக்கி உப்ப வைப்பார்கள். நடுவே உள்ள சிறு இடைவெளிக்குள் பம்பினால் தண்ணீர் ஏறும். அழுத்தமானியின் முள் ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று விழுந்தால், பாறை வெடித்துவிட்டது என்று அர்த்தம். பம்பை நிறுத்தியபின் பிளவு மூடிக்கொள்ளும் நேரத்து அழுத்தம்தான் அவர்கள் தேடும் விடை. பாறையின் பிடி எவ்வளவு என்பதை அது சொல்லும். சுரங்க நீரின் அழுத்தம் அதைத் தாண்டக்கூடிய இடத்தில் உருக்குக் குழாய் பதித்தே ஆகவேண்டும். மலைச்சரிவை ஒட்டிய பாறையில் பிடி தளர்ந்திருக்கும் என்பதால் அங்கே கூடுதல் எச்சரிக்கை வேண்டும்.

வெறுமையான சுரங்கத்தில் கதை தலைகீழ். உள்ளே அழுத்தம் இல்லாததால், சுற்றியுள்ள வெடிப்புகளில் தங்கிய நிலத்தடி நீர் அதை நோக்கி ஓடிவரும். உமா ஓயாத் திட்டத்தில் நடந்தது அதுதான். சுமார் 15 கிலோமீற்றர் சுரங்கத்தைக் குடையும்போது, 2014 டிசம்பரில் தண்ணீர் உள்ளே பாய்ந்தது. பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2017இல் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். இப்படியான கசிவை அடைக்க சீமெந்துக் குழம்பை வெடிப்புகளுக்குள் ஏற்றுவார்கள்; அதையும் அளவுக்கு மீறி அழுத்தினால் பாறை புதிதாகப் பிளக்கும். 120 மெகாவாட் தரும் அந்தத் திட்டம் 2024 ஏப்ரலில்தான் திறக்கப்பட்டது.

மின்சாரம் நாட்டுக்கு வேண்டும். ஆனால் லயத்து வீடுகளில் எத்தனையோ குடும்பங்கள் ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீரை நம்பி வாழ்கின்றன. அந்த ஊற்றுகளை முன்கூட்டியே அளக்காமல் மலையைக் குடைவது அநியாயம். உங்கள் தோட்டத்துக்குக் கீழே சுரங்கம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டால், பீலியில் ஒரு வாளி நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று மழைக்காலத்திலும் வெயில்காலத்திலும் பார்த்துத் திகதியோடு எழுதி வையுங்கள். பீலி வற்றியபின் நட்டஈடு கேட்கப் போகும்போது அந்தக் கணக்கு கையில் இருக்கட்டும்.