தரவு காப்போர்க்கு ஏற்ற நூல்

நூலைக் கற்பதற்கு முன் நூலைத் தேர்ந்தெடுக்கக் கற்றல் வேண்டும். கதை நூல் ஒன்றைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் நம் பொழுது சிறிது வீணாகும், அவ்வளவே. தொழில் நூலைத் தவறாகத் தேர்ந்தெடுத்தாலோ, கற்பவர்க்கு மட்டுமன்றி அவரை நம்பியிருக்கும் பிறர்க்கும் கேடு விளையும். இவ்வுண்மையைத் தரவுத்தள நிருவாகம் என்னும் இக்காலத் தொழிலை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வோம்.

தரவுத்தளம் என்பது யாது? பள்ளியில் மாணவர் பெயர், பிறந்த நாள், மதிப்பெண் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி வைக்கின்றோம். அதனை ஒரு நேரத்தில் ஒருவரே எழுத இயலும். வேண்டிய செய்தியைத் தேட ஏடுகளைப் புரட்ட வேண்டும். இத்தகைய செய்திகளைக் கணிப்பொறியில் ஒழுங்குபட வைத்து, பல்லாயிரவர் ஒரே நேரத்தில் எழுதவும் படிக்கவும் இடந்தரும் அமைப்பே தரவுத்தளம். வங்கிக் கணக்கும், புகைவண்டி முன்பதிவும், மருத்துவமனைக் குறிப்பும் இன்று அதனுள்ளேயே இருக்கின்றன. ஒருவர் கணக்கிலிருந்து 500 ரூபாயை எடுத்து மற்றொருவர் கணக்கில் சேர்க்கும் வேளையில் மின்சாரம் நின்றுவிடின் என்னாகும்? எடுத்தலும் சேர்த்தலும் ஆகிய இரண்டும் முற்றுப்பெறல் வேண்டும். அன்றேல் இரண்டும் நிகழாதிருத்தல் வேண்டும். இந்த ஒழுங்கைத் தவறாது காப்பது நல்ல தரவுத்தளத்தின் இலக்கணமாகும்.

அத்தளத்தைக் கண்காணிப்பவரே தரவுத்தள நிருவாகி. எதனை எவர் பார்க்கலாம், எவர் மாற்றலாம் என்று வரையறுத்தல் அவர் கடமை. கேட்ட செய்தி விரைந்து கிடைக்குமாறு செய்தலும், தரவுகளுக்குக் காப்பு நகல் எடுத்து வைத்தலும், கெட்டுப்போனவற்றை மீட்டலும் அவருக்குரிய பணிகளே. கணக்கர், காவலர், மருத்துவர் ஆகிய மூவர் பொறுப்பும் அவரிடத்தே கூடியிருக்கின்றன. இத்தொழிலைக் கற்க விரும்பும் இளைஞர் புத்தகக் கடைக்குச் சென்றால் அங்கே நூல்கள் மலைபோல் குவிந்திருக்கக் காண்பர். ஒன்று ஆயிரம் பக்கம் உடையது. மற்றொன்று சில நாட்களிலேயே வல்லவராக்குவதாக அட்டையிலே உறுதி கூறுவது. இவற்றுள் எதனைக் கொள்வது?

இவ்வினாவுக்கு வழிகாட்டும் முறை ஒன்று நம்மிடம் நெடுங்காலமாகவே உண்டு. நூலுக்கு முகவுரையாக அமைவதனைப் பாயிரம் என்றனர் முன்னோர். பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், நூலின் ஆசிரியர் யார், அது எதன் வழி வந்தது, வழங்கும் எல்லை யாது, கூறும் பொருள் யாது, கேட்டற்கு உரியவர் யார், பெறும் பயன் யாது என்பன போன்றவற்றைப் பாயிரம் அறிவித்தல் வேண்டும் என்று வகுத்துரைக்கின்றது. காலம், களம், காரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கொள்வாரும் உளர். இலக்கண நூலுக்கு வகுத்த இவ்வினாக்கள் கணிப்பொறி நூலுக்கும் பொருந்துதல் காண்க.

முதலில், நூல் கூறும் பொருளை நோக்குவோம். தரவுத்தளம் பற்றிய நூல்கள் பல வகையின. சில கொள்கையை விளக்குவன. அமெரிக்க நாட்டில் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஆய்வாளராயிருந்த எட்கர் காட் என்பவர், செய்திகளை அட்டவணைகளாக அமைத்து அவற்றை உறவுபடுத்தும் கொள்கையை 1970-இல் வெளியிட்டார். அக்கொள்கையையும் அதன் விரிவையும் சில்பர்சாட்சு, கார்த், சுதர்சன் ஆகிய மூவர் எழுதிய பாடநூல் போன்றவை தெளிவுறக் கூறும். வேறு சில, எஸ்.கியூ.எல். என்னும் வினவல் மொழியைக் கற்பிப்பன. மற்றும் சில, நிருவாகப் பணியையே பொருளாகக் கொண்டவை. இவற்றுள்ளும் கிரெய்க் மல்லின்சு எழுதிய நூல் போன்றவை எல்லா மென்பொருளுக்கும் பொதுவான நெறிகளைக் கூறுவன. ஏனையவை ஆரக்கிள், மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் என்றாற்போல ஒரு மென்பொருளுக்கே உரியவை. வினவல் மொழி நூலை முற்றக் கற்றவரும் காப்பு நகல் எடுக்க அறியாதிருத்தல் கூடும். தலைப்பில் 'தரவுத்தளம்' என்னும் சொல் இருத்தல் ஒன்றே போதாது. உள்ளே எப்பொருள் நிற்கின்றது என்பதனைப் பொருளடக்கத்தைக் கொண்டு அறிதல் வேண்டும். கொள்கையின் அடிப்படையையும் வினவல் மொழியையும் முதலிற் கற்றுப் பின்னர் ஒரு மென்பொருளின் நிருவாக நூலுக்குச் செல்லுதல் முறையாகும்.

அடுத்துக் காலத்தை நோக்குவோம். கொள்கை நூல் பழையதாயினும் பெருங்குற்றமில்லை. காட் அவர்களின் கொள்கை அரை நூற்றாண்டு கடந்தும் நிலைத்து நிற்கின்றது. செய்முறை நூலின் நிலை அத்தகையதன்று. மென்பொருளுக்கும் பதிப்புகள் உண்டு. போஸ்ட்கிரெஸ் மென்பொருளில் ஏறத்தாழ ஆண்டுக்கு ஒரு பெரும்பதிப்பு வெளிவருகின்றது. ஒவ்வொன்றையும் ஐந்தாண்டுகள் வரையிலேயே அதனை உருவாக்குவோர் பேணுகின்றனர். ஆதலின், இந்நூல் மென்பொருளின் எப்பதிப்புக்கு எழுதப்பட்டது என்று கேட்டல் இன்றியமையாதது.

இதற்குச் சான்று ஒன்று கூறுவோம். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், தான் செய்யப்போகும் மாற்றம் ஒவ்வொன்றையும் முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிக் கொள்ளும். பின்னரே அதனை அட்டவணைக் கோப்புகளில் நிலைப்படுத்தும். இடையே மின்சாரம் நின்றாலும் குறிப்பேட்டைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்து கொள்ளும். அக்குறிப்பேடு இருக்கும் இடத்திற்கு முன்னாளில் 'பி.ஜி. எக்ஸ்லாக்' என்பது பெயர். 'லாக்' என்பதனைக் கண்ட சிலர், அஃது எறிந்துவிடத்தக்க வெறும் நிகழ்ச்சிக் குறிப்பு என எண்ணி, இடம் போதாத வேளையில் அதனை அழித்துவிட்டனர், தரவுத்தளமே கெட்டது. ஆதலால் 2017-இல் வெளிவந்த 10-ஆம் பதிப்பில் அதன் பெயர் 'பி.ஜி. வால்' என மாற்றப்பெற்றது. மீட்புக்குரிய கட்டளைகளை 'ரெக்கவரி.கான்ஃப்' என்னும் தனிக் கோப்பில் எழுதும் வழக்கமும் 2019-இல் வந்த 12-ஆம் பதிப்போடு ஒழிந்தது. அக்கோப்பு இருக்குமாயின் தரவுத்தளம் தொடங்கவே மறுக்கும். பழைய நூலைக் கையில் வைத்துக்கொண்டு புதிய தளத்தை மீட்க முயல்வார், தாம் கற்றபடி செய்தும் இடர்ப்படுவார். நூல் அச்சான நாளிற் பிழையற்றதே. காலம் அதனைப் பிழையுடையதாக்கிவிட்டது.

மூன்றாவது, வழி. இலக்கண நூல்களை முதனூல், வழிநூல், சார்புநூல் எனப் பகுப்பது மரபு. தரவுத்தளத்தை ஆக்கியவர்களே எழுதி வெளியிடும் கையேடு முதனூல் போன்றது. ஒவ்வொரு பதிப்புக்கும் உரிய கையேட்டைப் போஸ்ட்கிரெஸ் ஆக்கியோர் இணையத்தில் விலையின்றி வழங்குகின்றனர். கடையில் விற்கும் நூல்களிற் பல வழிநூல்களே. அவை வேண்டாதவை அல்ல. முதனூலில் விரவிக் கிடப்பனவற்றைத் தொடக்க மாணவர்க்கேற்ப நிரல்படுத்திக் கூறுதல் அவற்றின் சிறப்பு. எனினும், நல்ல வழிநூல் மாணவரை முதனூலிடம் கொண்டு சேர்க்கும். ஐயம் வந்தவிடத்துக் கையேட்டின் எப்பகுதியைக் காண்பது என்று சுட்டும்.

நான்காவது, கேட்போர். வல்லுநர்க்கென எழுதிய நூல், தொடங்குவோர்க்கு இருட்டறையாகும். தொடங்குவோர்க்கென எழுதிய நூல், வல்லுநர்க்குச் சுமையாகும். தேர்வுக்கென ஆக்கிய வினாவிடை நூல்களும் உண்டு. அவை விடையைக் கூறும், காரணத்தைக் கூறா. காரணம் அறியாதவர், வினா சிறிது மாறிவரின் திகைப்பார்.

இறுதியாகப் பயன். நிருவாக நூலின் தலையாய பயன், இடர் வந்த நாளில் தரவுகளை மீட்கும் ஆற்றலைத் தருதலேயாம். கிட்லேப் என்பது மென்பொருள் எழுதுவோரின் படைப்புகளை இணையத்தில் வைத்துக் காக்கும் நிறுவனம். 2017-ஆம் ஆண்டு சனவரி 31-ஆம் நாள் இரவு, அங்கே பணியாற்றிய ஒருவர் தரவுத்தளத்தின் சிக்கலொன்றைத் தீர்க்க முயன்றார். துணைக் கணிப்பொறியில் இடவேண்டிய அழிப்புக் கட்டளையை முதன்மைக் கணிப்பொறியில் இட்டுவிட்டார். இமைப்பொழுதில் ஏறத்தாழ 300 கிகாபைட்டு அளவுள்ள தரவுகள் மறைந்தன. காப்பு நகலை எடுத்து மீட்கலாம் என்று தேடினர். ஆனால், நகல் இருக்க வேண்டிய இடம் வெறிதாயிருந்தது. தரவுத்தளம் 9.6-ஆம் பதிப்பு, நகல் எடுக்கும் கருவியோ 9.2-ஆம் பதிப்பு. பொருந்தாமையால் நகல் எடுக்கும் பணி நின்றுபோயிருந்தது. அதனை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் உரியவரிடம் சென்று சேரவில்லை. வேறொரு சோதனைக்காக 6 மணி நேரத்திற்கு முன் ஒருவர் கையால் எடுத்து வைத்திருந்த நகலே அவர்களைக் காத்தது. படைப்பாளரின் மென்பொருட் கோப்புகள் தப்பின. ஆயினும், அந்த 6 மணி நேரத்தில் தரவுத்தளத்திற் பதிவான செய்திகள் மீளவில்லை. அந்நிறுவனத்தார் நடந்தவற்றை மறையாது உலகிற்கு எடுத்துரைத்தது பாராட்டத்தக்கது.

இந்நிகழ்ச்சி நூல் தேர்வார்க்கு உணர்த்துவது யாது? மீட்டுப் பார்த்திராத நகல் நகலன்று. ஆகவே, நிருவாக நூலைக் கையிலெடுத்தவுடன் மீட்டல் பற்றிய இயலைத் திறந்து நோக்குக. நகல் எடுக்கும் முறையைப் பல பக்கங்களில் விரித்து, மீட்கும் முறையைச் சில வரிகளில் முடித்திருந்தால் அது குன்றக் கூறல் என்னும் குற்றமுடையது. திரையிற் காணும் படங்களையே பக்கந்தோறும் நிரப்பியிருந்தால் அது மிகைபடக் கூறல். ஓரியலில் ஒரு கட்டளையை நன்றெனவும், மற்றோரியலில் காரணம் கூறாது தீதெனவும் உரைத்தால் அது மாறுகொளக் கூறல். இக்குற்றங்களையும் நன்னூலார் அன்றே எண்ணிக் காட்டியுள்ளார். நல்ல நூலோ, 'இதனைச் செய்க' என்று கூறுவதோடு நில்லாது, ஏன் செய்தல் வேண்டும், செய்யாவிடின் என்ன கேடு வரும், செய்தது சரியா என எவ்வாறு அறிவது என்னும் மூன்றையும் உடன் கூறும்.

தேர்ந்தெடுத்த நூலைக் கண்ணால் மட்டும் படித்தல் போதாது. நீந்தக் கற்பார் நீரில் இறங்கவேண்டுமன்றோ! போஸ்ட்கிரெஸ் போன்றவற்றை எளிய கணிப்பொறியிலும் விலையின்றி நிறுவிக் கொள்ளலாம். பள்ளி நூலகத்திலுள்ள நூல்களின் பெயர்களைக் கொண்டு சிறியதொரு தரவுத்தளம் அமைத்திடுக. நூல் கூறியவாறு நகல் எடுத்திடுக, பயிற்சிக்கென அமைத்த அத்தளத்தை அழித்திடுக, பின்னர் மீட்டிடுக. ஒரு வரிசையும் குறையாமல் மீண்டதாயின் நூலும் நன்று, கற்றலும் நன்று. மீளவில்லையாயின் குறை நூலிலா, செய்முறையிலா என்று ஆராய்க. பிழைக்கு இடமுள்ள இடம் பயிற்சிக்களமே. பிறர் பொருளைக் காக்கும் பணியிடம் அன்று.

மாணவர்களே! பருமனும் பளபளப்பும் நூலுக்கு அழகாகா. எப்பொருளைக் கூறுகின்றது, யாருக்குக் கூறுகின்றது, எக்காலத்திற்குக் கூறுகின்றது, எப்பயனைத் தருகின்றது என்னும் வினாக்களுக்கு நேர்மையாக விடை தரும் நூலே நல்ல நூல். தரவுத்தளத்தில் உறங்கும் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் ஒரு மனிதர் இருக்கின்றார். முதியவர் ஒருவரின் ஓய்வூதியமோ, நோயாளி ஒருவரின் மருந்துக் குறிப்போ, உங்களைப் போன்ற மாணவர் ஒருவரின் மதிப்பெண்ணோ அவ்வரியில் அடங்கியிருக்கும். அதனைக் காக்கும் பணியை மேற்கொள்ள விரும்புவோர், தாம் கற்கும் நூலைத் தேர்வதிலேயே அப்பொறுப்பைத் தொடங்குவாராக.