பளபளக்காத பாலிஷ்

கத்திரி வெயில், உச்சிப்பொழுது. மேல்மருவத்தூரைத் தாண்டித் திண்டிவனம் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். முன்கண்ணாடியில் ரோடு பாதிதான் தெரிந்தது. மீதிப் பாதியில் என் காரின் டேஷ்போர்டே தெரிந்தது: ஏசி துவாரம், பிள்ளையார், அவர் காலடியில் காய்ந்துபோன எலுமிச்சம்பழம். முன்னால் போன லாரியின் பிரேக் லைட் பிள்ளையாரின் தொப்பைக்குள் எரிந்தது. ஆத்தூர் டோல்கேட்டில் பிரேக் போட்டதும், டபுள் சைடு டேப்பில் நாலு வருஷம் அசையாமல் உட்கார்ந்திருந்தவர் சறுக்கிப் போய்க் கண்ணாடியில் சாய்ந்துகொண்டார்.

காரணம் முந்தின நாள் வாட்டர் வாஷ். "சார், உள்ள பாலிஷ் போட்டு விடறேன், புது வண்டி மாதிரி ஆயிடும்" என்று பையன் சொன்னான். எழுபது ரூபாய்தானே என்று தலையாட்டினேன். சொன்னபடி மினுமினுப்பாகத்தான் ஆக்கியிருந்தான். டேப்பின் பிடியைத் தளர்த்தியதும் அதே மினுமினுப்புதான்.

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் எந்தக் கடையில் கேட்டாலும் பத்து விதமான டேஷ்போர்டு பாலிஷ் எடுத்துப் போடுவார்கள். வாசனையைப் பார்த்தோ விலையைப் பார்த்தோ வாங்கி வருகிறோம். அது எதன்மேல் பூசப்படப் போகிறது என்று யோசிப்பதில்லை.

சின்ன கார்களில் டேஷ்போர்டு பெரும்பாலும் கெட்டியான பாலிபுரோப்பிலீன். தட்டினால் டொக்கென்று சத்தம் வரும். அதற்குப் பெரிய பராமரிப்பு தேவையில்லை. ஈரத்துணி போதும் என்பேன். மெத்தென்று அமுங்கும் மேற்பரப்பும், ரெக்சின் என்று நாம் சொல்லும் சீட் உறையும் அப்படியல்ல. இரண்டும் பல கார்களில் பிவிசி. பிவிசி இயல்பில் விறைப்பான பொருள். அதில் ஒருவித எண்ணெயைக் கலந்துதான் வளைய வைக்கிறார்கள். வெயிலில் அந்த எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். புது காரின் முன்கண்ணாடியை உள்பக்கம் விரலால் இழுத்துப் பாருங்கள், மங்கலாக ஒரு கோடு விழும். அந்தப் படலத்தில் பெரும்பங்கு டேஷ்போர்டிலிருந்து கிளம்பிப் போனதுதான். வருஷக்கணக்கில் இப்படிப் போய்க்கொண்டே இருந்தால் ரெக்சின் வறண்டு, தையலோரம் வெடிக்கும்.

வெயில் என்றால் எவ்வளவு? அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 2018இல் வெளியிட்ட ஆய்வில், கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸ் தொட்டது. ஸ்டியரிங் 53. நம் வேலூர் வெயில் அதற்கு இளைத்ததல்ல. புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியை முன்கண்ணாடி தடுத்துவிடும், நடுவில் பிளாஸ்டிக் தாள் வைத்த இரட்டைக் கண்ணாடி அது. பல கார்களின் பக்கக் கண்ணாடியில் அந்தத் தாள் கிடையாது. அதனால் டேஷ்போர்டைவிட கதவுப் பட்டையும் சீட்டின் ஓரமும் சீக்கிரம் வெளிறுவதுண்டு.

சரி, எதை வாங்குவது? பாட்டிலைத் தூக்கிப் பாருங்கள். பால் மாதிரி வெள்ளையாக, குலுக்கிப் பயன்படுத்தச் சொன்னால் பெரும்பாலும் தண்ணீர் அடிப்படையில் செய்தது. தெளிவாக, வழுவழுப்பாக, மூடியைத் திறந்ததும் பெட்ரோல் பங்க் வாசனை அடித்தால் கரைப்பான் கலந்தது. இரண்டாவது உள்ளே வேண்டாம். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களின் கையேட்டிலேயே எச்சரிக்கை இருக்கிறது: கரைப்பான் கலந்தவற்றால் ஏர்பேக் மூடியைத் துடைத்தால் பிளாஸ்டிக் நைந்து, பை விரியும்போது துண்டு துண்டாகப் பறக்கக்கூடும்.

சிலிக்கான் என்றாலே டேஷ்போர்டு வெடித்துவிடும் என்று ஒரு பயம் உலவுகிறது. பாலிஷில் வரும் சிலிக்கான் எண்ணெய் பிவிசியோடு எந்த வேதிவினையும் செய்வதில்லை. ஆனால் அதிகம் கலந்திருந்தால் வழுக்கும், தூசியைப் பிடித்து வைக்கும், என் கண்ணாடியில் நடந்த கூத்தும் நடக்கும். எனவே மேட் அல்லது சாட்டின் ஃபினிஷ் என்று எழுதியதாக, புற ஊதாத் தடுப்பு உள்ளதாகக் கேளுங்கள். பூசி அரை மணி கழித்து டிஷ்யூ பேப்பரால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். பேப்பரில் எண்ணெய் ஏறினால் அந்த பாட்டில் டயருக்கு.

பூசும் முறையிலும் ஒரு சங்கதி உண்டு. நேராக டேஷ்போர்டின்மேல் அடிக்கக் கூடாது. மைக்ரோஃபைபர் துணியில் இரண்டு அடி அடித்து, துடைத்த, ஆறிய பரப்பில் மெல்லத் தேய்த்து, காய்ந்த துணியால் மறுபடி துடைக்க வேண்டும். ஸ்டியரிங், பெடல், கியர் குமிழ், சீட் பெல்ட், டச் ஸ்கிரீன் பக்கமே போகக் கூடாது. பெடலில் ஒரு துளி பட்டாலும் செருப்பு வழுக்கும்.

பழைய டிரைவர் அண்ணன்களிடம் கேட்டால் தேங்காய் எண்ணெய் என்பார்கள். முதல் நாள் அழகுதான். பிறகு சிக்குவாடை, அதன்மேல் புழுதிப் படிவு. கதவு பீடிங்கிற்கு வாஸ்லின் தடவுபவர்களும் உண்டு. அந்த ரப்பர் பெட்ரோலிய எண்ணெயைக் குடித்து ஊதிவிடும். அங்கேதான் சிலிக்கான் பொருந்தும். ஆனால் ஸ்ப்ரேயாக அடித்து பெயிண்டில் படவிடாதீர்கள். பின்னொரு நாள் அந்தக் கதவுக்கு டச்சப் செய்யும்போது பெயிண்ட் ஒட்டாமல் குழி குழியாக விலகும், பெயிண்டர் உங்கள் தலையில்தான் பழியைப் போடுவார்.

திண்டிவனத்தில் ஒரு மருந்துக்கடையில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கி, பஞ்சில் நனைத்து, ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தை மட்டும் துடைத்தேன். மூன்று பஞ்சு கறுத்து வந்தது. நாலாவது வெள்ளையாக வந்ததும் புது டேப் ஒட்டிப் பிள்ளையாரை உட்கார வைத்தேன், ஏர்பேக் மூடிக்கு எட்டாமல் நடுவில். எலுமிச்சம்பழம் மட்டும் இன்னும் வழுக்கிக்கொண்டே வந்தது.