கைபர் கத்தி: பெயர் போதுமா, வகை பிரிக்க?

ஆப்கானிஸ்தானின் பழைய கத்திகளைச் சேகரிப்பவர்களிடம் நான்கு பெயர்கள் அதிகம் புழங்குகின்றன: கைபர் கத்தி, பேஷ்கப்ஸ், கருத், சுரா. அருங்காட்சியகச் சீட்டுகளிலும் ஏலப் பட்டியல்களிலும் இவையே இடம்பெறுகின்றன. இவற்றைப் படிப்பவர், இவை நான்கு தனித்தனி ஆயுதங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் இனக்குழுவும் ஓர் ஊரும் உண்டு என்றே நினைப்பார். அந்த நினைப்புக்கு ஆதாரம் மிகக் குறைவு. பட்டியல் போடும் வசதிக்காக நிலைபெற்ற பெயர்களைப் பிறப்புச் சான்றாக எடுத்துக்கொண்டதால், கத்திகளின் உண்மையான வரலாறு மறைந்துபோயிருக்கிறது என்பதே என் வாதம்.

முதலில் கத்திகளைப் பார்ப்போம். கைபர் கத்தியின் அலகு நீளமானது, நேரானது, ஒருபக்கம் மட்டும் கூரானது. பிடியருகே அகன்று நுனியை நோக்கிச் சீராக ஒடுங்கும். கைக்காப்பு கிடையாது. தந்தம், கொம்பு, எலும்பு, மரம் இவற்றில் ஒன்றால் ஆன இரு துண்டுகளை ஆணியடித்துப் பிடியாக்கியிருப்பார்கள். தோலுறை பிடியின் ஒரு பகுதியையும் சேர்த்தே மூடிக்கொள்ளும். அலகின் முதுகு இருபுறமும் பிதுங்கியிருப்பதால், குறுக்குவெட்டில் ஆங்கில ‘T’ எழுத்தின் வடிவம் தெரியும். அலகு மெல்லியதாக இருந்தும் வளையாமல் நிற்பதற்கு இந்த முதுகே காரணம். இதே முதுகு மற்ற மூன்றிலும் உண்டு. பேஷ்கப்ஸின் அலகு பிடியைத் தாண்டியதும் சட்டென்று ஒடுங்கி மெல்லிய முனையாக நீளும். இரும்பு வளையக் கவசத்தைத் துளைப்பதற்கான வடிவம் இது என்பது பொதுவான விளக்கம். அந்த அலகு வளைந்திருந்தால் பேஷ்கப்ஸ் என்றும், நேராக இருந்தால் கருத் என்றும், சிறியதாகிப் பிடியின் முனை கிளிமூக்குபோல் வளைந்திருந்தால் சுரா என்றும் பிரிக்கிறார்கள். இடைப்பட்ட வடிவங்களோ ஏராளம். ஒரே கத்தியை ஒரு பட்டியல் பேஷ்கப்ஸ் என்கிறது, இன்னொன்று கருத் என்கிறது.

இந்தப் பெயர்கள் நிலைத்த விதத்தைக் கவனித்தால் குழப்பத்தின் வேர் புரியும். 1839–42, 1878–80 ஆகிய இரு ஆப்கான் போர்களிலும், அடுத்து வந்த எல்லைப்புறச் சண்டைகளிலும் பிரிட்டிஷ் படையினர் இக்கத்திகளைப் பார்த்தார்கள். ஊருக்கும் எடுத்துச் சென்றார்கள். எஜர்ட்டன் பிரபு இந்திய ஆயுதங்களைப் பற்றிய தம் கையேட்டை 1880-இல் வெளியிட்டார். அமெரிக்கச் சேகரிப்பாளர் ஜார்ஜ் கேமரன் ஸ்டோனின் ஆயுத அகராதி 1934-இல் வந்தது. பின்வந்தவர்கள் பெரும்பாலும் இந்நூல்களையே பின்பற்றினார்கள். கருத் என்பது கத்தியைக் குறிக்கும் பாரசீகப் பொதுச்சொல்லின் திரிபாகவே தெரிகிறது. சுரா என்பதும் வட இந்திய மொழிகளில் பெரிய கத்திக்கு வழங்கும் பொதுச்சொல்தான். சுராவை மசூத் இனக்குழுவின் கத்தி என்று சொல்லி, அந்த இனக்குழுவைக் கைபரில் சேர்த்ததும் உண்டு. மசூதுகள் வாழ்வது கைபருக்கு வெகு தெற்கே, வசீரிஸ்தானில். கைபர் கணவாய் அஃப்ரீதிகளின் நிலம். கைபர் கத்தி என்பதையும் அந்தக் கணவாய்க்குள் அடக்க முடியாது. பஷ்தூன்கள் வாழும் பெரும் நிலப்பரப்பு முழுவதிலும் அது புழங்கியது.

பெயர் தவறானாலும் எல்லோருக்கும் புரிகிறதே, மாற்றினால் குழப்பம்தானே மிஞ்சும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கைபர் கத்தி என்றதும் எந்த வடிவம் என்று தெரிந்துவிடுகிறது. அந்த அளவில் பெயர் பயன்படட்டும். ஆனால் அதே பெயரைக் கொண்டு ஊரையும் இனக்குழுவையும் காலத்தையும் ஊகிப்பதை ஏற்க முடியாது. வெளிநாட்டார் வைத்த பெயர்களை ஒதுக்கிவிட்டு உள்ளூர்ப் பெயர்களை மீட்டால் போதும் என்பது இன்னொரு தரப்பு. பாரசீக ஆதாரங்களிலிருந்து ஆயுதச் சொற்களைத் திரட்டிய மனூச்சேர் மோஷ்தாக் கொராசானியின் உழைப்பு இவ்வகையில் பெரிது. இருந்தாலும் உள்ளூர்ப் பெயர் தானாக வகை பிரித்துக் கொடுத்துவிடாது. கையாண்டவர்களுக்குப் பெரும்பாலும் அது வெறும் கத்திதான். மேலும், ஒரே ஆயுதத்துக்கு இரண்டு உண்மையான பெயர்கள் இருக்கலாம். குறுக்குப்பிடி கொண்ட குத்துவாளை முகலாய அரசவையைச் சேர்ந்த அபுல் பசலின் ‘அயினி அக்பரி’ நூல் ஜம்தர் என்கிறது. தெற்கில் கட்டாரி என்ற பெயர் வழங்கியது. முகலாய அரசவை சொன்னது சரி, தமிழர் சொன்னது பிழை என்று யாரும் தீர்ப்பளிக்க முடியாது.

ஆகவே சான்றைப் பொருளிலிருந்தே தொடங்க வேண்டும். அமீர் அப்துர் ரஹ்மான் கான் (1880–1901) காலத்தில் உருவான காபூல் மஷீன் கானா ஆயுதத் தொழிற்சாலையின் கத்திகளை எடுத்துக்கொள்வோம். அலகு பழைய கைபர் வடிவம். பிடியிலோ ஐரோப்பியப் படைவாள் பாணியில் விரல்காப்பு. பலவற்றில் அரசின் மசூதி முத்திரையும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். எங்கே, எப்போது, யாருக்காகச் செய்யப்பட்டது என்பதை இந்த அடையாளங்கள் சொல்லிவிடுகின்றன. இவையே வெறும் இனக்குழுக் கத்திகள் என்று பட்டியலில் ஏறினால், ஒரு நவீன அரசு தன் படைக்கு ஆயுதம் செய்த செய்தியே காணாமல் போய்விடும்.

சேகரிப்பாளர்களும் அருங்காட்சியகத்தாரும் அலகின் நீளம், வளைவு, முதுகின் வெட்டு, பிடியின் பொருள், முத்திரை, உறை, கைமாறி வந்த வழி ஆகியவற்றை முதலில் எழுதட்டும். பெயரை அதன் கீழே, யார், எப்போது சொன்ன பெயர் என்ற குறிப்போடு சேர்க்கட்டும். சான்று இல்லாத இடத்தில் இனக்குழுவின் பெயரை எழுதாமல் விடுவதே நேர்மை.