இதயம் எழுதும் எச்சரிக்கை

விளையாட்டுத் திடலில் மாணவர் ஒருவர் மயங்கி விழுந்தால், வெயில் என்போம், பசி என்போம், வலிப்பு என்றும் சொல்வோம். இதயத்தின் மின்னோட்டப் பிழையாகவும் அது இருக்கலாம் என எண்ணிப் பார்த்ததுண்டா?

1957-இல் நார்வே நாட்டு மருத்துவர்களான ஜெர்வெல், லாங்கே-நீல்சன் இருவரும் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினர். அதன் ஆறு குழந்தைகளில் நால்வருக்குப் பிறவியிலேயே காது கேளாது. அவர்கள் அடிக்கடி மயங்கி விழுந்தனர். மூவர் திடீரென மாண்டனர். இ.சி.ஜி. படத்தில் 'க்யூ-டி' இடைவெளி நீண்டிருந்தது. காது கேட்போரிடமும் இக்குறை பரம்பரையாக வருவதுண்டு.

இதயத்தின் கீழறைகள் மின்கிளர்ச்சி பெறத் தொடங்கி, மீண்டும் ஓய்வுநிலை அடையும் வரையிலான காலமே க்யூ-டி. துடிப்பு விரைந்தால் இது சுருங்கும். ஆகவே, இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தின் வர்க்கமூலத்தால் இதனை வகுக்க வேண்டும். இது பாசெட் 1920-இல் தந்த வழி. க்யூ-டி 0.40 வினாடி, துடிப்பு இடைவெளி 0.64 வினாடி எனில், 0.40-ஐ 0.8-ஆல் வகுக்க 0.50 வரும். சாதாரணமாகத் தோன்றிய எண், அபாய எல்லையைத் தொட்டுவிட்டது!

எனினும், குறையுள்ள சிலருக்குப் படம் சரியாகவே இருக்கும். எனவே மயக்க வரலாற்றையும், குடும்பத்தில் நேர்ந்த இளவயது மரணங்களையும் மருத்துவர் சேர்த்தே எடைபோடுவார். 'பீட்டா தடுப்பி' மாத்திரைகள் பலரைக் காக்கின்றன.

நண்பர்களே! ஓடும்போதோ, நீந்தும்போதோ, திடுக்கிடும்போதோ மயங்கியவரை, முகத்தில் நீர் தெளித்து எழுப்பியதோடு விட்டுவிடாதீர்கள். இ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள். குறை தெரிந்தால், உடன்பிறந்தாரையும் சோதிக்கச் செய்யுங்கள்.