வயரிங் பாஸைத் தேடும் முன் நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

வீடு கட்டும்போது டைல்ஸ் தெரிவு செய்ய நாலு கடை ஏறி இறங்குகின்றோம். கதவுக்குப் பலாவா தேக்கா என்று வாரக்கணக்கில் கதைக்கின்றோம். ஆனால் சுவருக்குள் புதைந்து இருபது, முப்பது வருடங்கள் கிடக்கப்போகும் வயரை யார் இழுப்பது என்ற கேள்வி வந்தால், "மேசன் பாஸுக்குத் தெரிந்த ஒரு பொடியன் இருக்கிறானாம்" என்ற ஒரே வசனத்தோடு எம்மில் பலர் முடிவெடுத்து விடுகின்றனர். டைல் வெடித்தால் மாற்றிக் கொள்ளலாம். வயரிங் பிழைத்தால் உயிர் போகும்.

நான் எலெக்ட்ரீஷியன் அல்ல. ஆனால் கடந்த சில வருடங்களில் எமது குடும்பத்தில் மூன்று வீடுகளின் வயரிங் வேலைகளைப் பொறுப்பெடுத்துச் செய்வித்ததில் பலதரப்பட்ட ஆட்களைச் சந்தித்தேன். நல்ல தொழிலாளியை எப்படி அடையாளம் காண்பது என்பதை அவர்களிடமிருந்தே கற்றுக் கொண்டேன். அதையே இங்கு பகிர்ந்து கொள்கிறேன்.

முதலில், ஆள் கிடைப்பதே ஏன் கஷ்டமாகி விட்டது என்பதைப் பார்ப்போம். பொருளாதார நெருக்கடி உச்சத்திலிருந்த 2022ஆம் ஆண்டில் மாத்திரம் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் தொழிலுக்காக இந்நாட்டை விட்டு வெளியேறினர். கட்டார், சவூதி, டுபாய் என்று போனவர்களில் கைத்தொழில் தெரிந்தவர்களும் கணிசமானோர். ஊரில் எஞ்சியிருக்கும் நல்ல பாஸ்மாருக்கு ஓயாத வேலை. அந்த இடைவெளியை, ஆறு மாதம் ஒருவருக்குக் கையாளாக நின்று விட்டுத் தனியே இறங்கியவர்கள் நிரப்புகின்றனர். அவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. மின்குமிழ் மாற்றவும் ஃபேன் பூட்டவும் அவர்களுக்குத் தெரியும். பிரச்சினை, கண்ணுக்குத் தெரியாத வேலையில்தான் வருகிறது.

அந்தக் கண்ணுக்குத் தெரியாத வேலைகளில் முதன்மையானது எர்த். அடுத்தது நாம் ட்ரிப் சுவிட்ச் என்று அழைக்கும் கருவி. இவ்விரண்டையும் ஓரளவு விளங்கிக் கொண்டால் வருபவரின் தரத்தைப் பாதி எடைபோட்டு விடலாம்.

எமது நாட்டில் பெரும்பாலான வீடுகளுக்குச் சொந்தமாக ஓர் எர்த் கம்பி நிலத்தில் அடிக்கப்பட்டிருக்கும். அதன் தடை 10 ஓம் அளவில் இருந்தால் நல்லது என்பார்கள். இப்போது ஒரு கணக்குப் பாருங்கள். 230 வோல்ட் மின்சாரம் ஒரு ஃபிரிட்ஜின் உடம்பில் பட்டு, 10 ஓம் எர்த் வழியாக நிலத்துக்குள் இறங்குகிறது என்று வைத்துக் கொள்வோம். அதில் ஓடுவது ஆகக் கூடியது 23 ஆம்பியர். 32 ஆம்பியர் பிரேக்கர் அதற்கு விழாது. அதாவது ஃபிரிட்ஜின் உடம்பில் கரண்ட் இருந்து கொண்டே இருக்கும், பிரேக்கர் பேசாமல் இருக்கும். வயரையும் பொருட்களையும் காப்பதற்கே பிரேக்கர். மனிதனைக் காப்பது ட்ரிப் சுவிட்ச். வெளியே போகும் கரண்டுக்கும் திரும்பி வரும் கரண்டுக்கும் இடையே 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே, அது கண் இமைக்கும் நேரத்தில் முழு வீட்டையும் துண்டித்து விடும்.

எனவே, ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது என்று நீங்கள் கூப்பிடும்போது வருபவர் என்ன செய்கிறார் என்பதே அவருக்கான பரீட்சை.

எனது ராத்தாவின் வீட்டில் மழை பெய்யும் போதெல்லாம் ட்ரிப் சுவிட்ச் விழுந்து கொண்டிருந்தது. யாரோ சொல்லி ஒருவர் வந்தார். பத்து நிமிடத்தில், "இது பழுது, டிரெக்டாகக் கொடுத்திருக்கிறேன், இனி விழாது" என்று சொல்லிக் காசை வாங்கிக் கொண்டு போய்விட்டார். அவர் சொன்னது போலவே அதன் பிறகு விழவில்லை. இரண்டு வாரம் கழித்து, குசினியில் இரும்புக் குழாயைத் தொட்டால் கை சுள்ளென்கிறது என்று மருமகள் சொன்னாள். விடயம் என் காதுக்கு எட்டியதும் மெயின் சுவிட்சை நிறுத்தச் சொல்லிவிட்டு, பக்கத்து ஊரிலிருந்து வயதான ஒரு பாஸைக் கூட்டிப் போனேன். அவர் இன்சுலேஷன் அளக்கும் மெகர் கருவியோடு வந்தார். ஒவ்வொரு சர்க்கிட்டாகக் கழற்றிச் சோதித்தார். குசினிக்குப் பின்புறம் வெளி லைட்டுக்குப் போகும் இணைப்புப் பெட்டிக்குள் மழைத் தண்ணீர் இறங்கி, சுவர் வழியாகக் குழாய் வரை கரண்ட் கசிந்திருந்தது. மூன்று மீற்றர் வயரும் ஒரு புதிய பெட்டியும் போதுமாக இருந்தன. ட்ரிப் சுவிட்சில் ஒரு பழுதும் இருக்கவில்லை. அது தன் வேலையைத்தான் செய்து கொண்டிருந்தது.

காரணத்தைத் தேடாமல் ட்ரிப் சுவிட்சை விலக்கி விடுபவர், நெருப்பு அபாய மணி அடிக்கிறது என்று மணியைக் கழற்றுபவரைப் போன்றவர். அவரை இரண்டாம் முறை வீட்டுக்குள் எடுக்காதீர்கள்.

இனி, ஆளைத் தேடும்போது கவனிக்க வேண்டியவை.

முதலாவது, தகைமை. இலங்கையில் தேசிய தொழில் தகைமை, அதாவது என்.வீ.கியூ. சான்றிதழ் முறை உண்டு. எலெக்ட்ரீஷியன் தொழிலுக்கு 3ஆம், 4ஆம் மட்டச் சான்றிதழ்கள் வழங்கப்படுகின்றன. பாடநெறி படிக்காமல் அனுபவத்தால் தொழில் கற்றவர்களும் மதிப்பீட்டுக்குத் தோற்றி இதனைப் பெற முடியும். "என்.வீ.கியூ. இருக்கிறதா?" என்று கேட்பது அவமரியாதை அல்ல. டாக்டரின் பெயர்ப்பலகையைப் பார்ப்பது போன்றதுதான். சான்றிதழ் இல்லாத நல்ல பாஸ்மாரும் இருக்கின்றனர். அவ்வாறானவரை, குறைந்தது இரண்டு வருடங்களுக்கு முன்னர் அவர் வேலை செய்த இரண்டு வீடுகளில் விசாரித்த பின்னரே எடுங்கள். போன மாதம் முடித்த வேலை எல்லோருக்கும் நன்றாகத்தான் தெரியும். இரண்டு மழைக்காலம் கண்ட வேலையே உண்மையைச் சொல்லும்.

இரண்டாவது, அவர் கொண்டு வரும் சாமான்கள். டெஸ்டர் ஸ்க்ரூ ட்ரைவர் ஒன்றை மட்டும் சட்டைப் பையில் குத்திக் கொண்டு வருபவரால் எர்த்தை அளக்கவும் முடியாது, இன்சுலேஷனைச் சோதிக்கவும் முடியாது. மல்டி மீட்டர், மெகர், எர்த் டெஸ்டர் ஆகியன சொந்தமாக இல்லாவிட்டாலும், தேவைப்படும்போது எடுத்து வரக்கூடியவராக இருக்க வேண்டும்.

மூன்றாவது, அவர் கேட்கும் கேள்விகள். நல்லவர் விலை சொல்லும் முன் கேள்வி கேட்பார். ஏசி போடும் எண்ணம் உண்டா, தண்ணீர் ஹீட்டர் எத்தனை கிலோவொட், மோட்டர் எங்கே, வீட்டுக்கு ஒற்றைப் பேஸா மூன்று பேஸா என்று விசாரிப்பார். ஒன்றும் கேட்காமல் "பொயின்ட்டுக்கு இவ்வளவு" என்று மட்டும் சொல்பவர் எல்லா வீட்டுக்கும் ஒரே வயரைத்தான் இழுப்பார்.

வயரின் தடிப்பு சின்ன விடயம் அல்ல. கடைகளில் 1/1.13 என்று சொல்லும் வயர் லைட்டுக்கு. 7/0.67 சாதாரண ப்ளக்குகளுக்கு. 5.5 கிலோவொட் உடனடி ஹீட்டர் ஏறக்குறைய 24 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 7/0.85 அல்லது அதைவிடத் தடித்த வயர் தனியாக, தனிப் பிரேக்கரோடு வர வேண்டும். இருக்கும் ப்ளக் வயரிலேயே ஹீட்டரை மாட்டி, பிரேக்கர் விழுகிறது என்று பெரிய பிரேக்கர் போட்டுத் தருபவர் உங்கள் சுவருக்குள் ஓர் அடுப்பைப் பற்ற வைக்கிறார்.

எர்த் வயர் இழுக்கச் சோம்பல்பட்டு, ப்ளக் பேஸுக்குள் எர்த் முனையையும் நியூட்ரல் முனையையும் ஒன்றாகக் கட்டி விடுபவர்களும் உள்ளனர். வெளியில் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே வேலை செய்யும். நியூட்ரல் எங்காவது கழன்ற அன்று, அந்தப் ப்ளக்கில் மாட்டியிருக்கும் வொஷிங் மெஷினின் உடம்பு முழுவதும் 230 வோல்ட் ஆகிவிடும். ஆகவே வேலை முடிந்ததும் இரண்டு ப்ளக் பேஸையாவது கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மூன்று வயர் தனித்தனியே வந்திருக்க வேண்டும். பழைய வீடுகளில் சிவப்பும் கறுப்பும், புதிய வீடுகளில் பழுப்பும் நீலமும், எர்த்துக்குப் பச்சை அல்லது பச்சையும் மஞ்சளும் இருக்கும். இரண்டும் கலந்த வீடாயின், எது எதுவென்று மெயின் போர்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

நான்காவது, எழுத்து. ஒரு கொப்பித் தாளாக இருந்தாலும் பரவாயில்லை. எத்தனை பொயின்ட், எந்த அளவு வயர், எந்தக் கம்பனியின் பிரேக்கர், மொத்தக் கூலி, முடியும் திகதி, பிழை வந்தால் எத்தனை மாதத்துக்குள் வந்து பார்ப்பார் என்பவற்றை எழுதி இருவரும் ஒவ்வொரு பிரதி வைத்துக் கொள்ளுங்கள். சாமான்களை எஸ்.எல்.எஸ். முத்திரை பார்த்து நீங்களே வாங்கி, பில்லைப் பத்திரப்படுத்துங்கள். கூலியை மூன்றாகப் பிரித்து, கடைசிப் பங்கைச் சோதனை முடிந்த பிறகு கொடுங்கள். முழுக்காசும் முன்கூட்டியே கேட்பவரிடம் அவசரப்படாதீர்கள்.

2022 மார்ச்சில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீடித்ததன் பின்னர் பல வீடுகளுக்கும் கடைகளுக்கும் ஜெனரேட்டர் வந்துவிட்டது. அதனை இரு பக்கமும் முள் வைத்த வயரால் சுவர் ப்ளக்கில் செருகுவதைப் பல இடங்களில் கண்டிருக்கிறேன். மெயினை நிறுத்த மறந்தால், அந்தக் கரண்ட் ட்ரான்ஸ்ஃபோமர் வழியாகத் திரும்பிப் போய், கம்பத்தில் ஏறி வேலை செய்யும் மின்சார சபை ஊழியரைக் கொல்லக் கூடும். இதற்குச் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் கட்டாயம். அது தேவையில்லை என்று சொல்லும் எலெக்ட்ரீஷியனும் தேவையில்லை.

வெள்ளம் புகுந்த வீடுகளுக்கு இன்னும் கவனம் தேவை. அக்குறணை போன்ற, அடிக்கடி நீர் ஏறும் ஊர்களில் இருப்போர் இதனை நன்கு அறிவர். தண்ணீர் வடிந்ததும் சுவர் காய்ந்தது போலத் தெரியும். ப்ளக் பேஸுக்குள்ளும் குழாய்க்குள்ளும் சேறும் ஈரமும் இருக்கும். இன்சுலேஷனைச் சோதிக்காமல் மெயினைப் போடக் கூடாது.

மீட்டரும் அதற்கு முன்னால் உள்ள சீல் வைத்த பகுதியும் மின்சாரம் வழங்குவோருக்குரியவை. அவற்றில் எந்த பாஸும் கை வைக்கக் கூடாது. அங்கே பழுது என்றால் மின்சார சபையின் 1987, லெகோ பகுதியாயின் 1910 இலக்கங்களுக்கு அழையுங்கள்.

எமது பக்கத்திலும் ஒரு கடமை இருக்கிறது. வயரிங் கூலியில் ஆயிரம் ரூபாய் குறைப்பதற்காக நல்ல தொழிலாளியை அனுப்பிவிட்டு, மலிவான ஆளைக் கூப்பிடும் வழக்கம் நீடிக்கும் வரை நல்லவர்கள் இத்தொழிலில் நிற்க மாட்டார்கள், விமானம் ஏறிவிடுவார்கள். வேலை முடிந்த அன்றே கூலியைக் கொடுங்கள். திருப்தியாக இருந்தால் நாலு பேருக்குச் சொல்லுங்கள்.

ஊர் அமைப்புகளும் பள்ளிவாசல் நிருவாகங்களும் இதில் ஒரு சிறு வேலை செய்யலாம். என்.வீ.கியூ. உள்ள ஊர் எலெக்ட்ரீஷியன்களின் பட்டியலொன்றை, அவர்களது சம்மதத்தோடு, அறிவித்தல் பலகையில் போடலாம். சான்றிதழ் இல்லாத அனுபவசாலிகளை மதிப்பீட்டுக்கு அனுப்ப உதவலாம். சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திய இளைஞனுக்கு இது கௌரவமான தொழில். அந்தச் சான்றிதழ் வெளிநாட்டிலும் அவனுக்குக் கைகொடுக்கும்.

இதை வாசித்து முடித்ததும் உங்கள் மெயின் போர்டருகே போய், ட்ரிப் சுவிட்சில் "டி" என்று எழுதிய சிறிய பொத்தானை ஒரு தரம் அழுத்திப் பாருங்கள். கம்ப்யூட்டரில் யாராவது வேலை செய்து கொண்டிருந்தால் முதலில் சொல்லிவிடுங்கள். அழுத்தியதும் வீடு இருள வேண்டும். இருளவில்லை என்றால், நல்ல எலெக்ட்ரீஷியனைத் தேடும் வேலையை இன்றே ஆரம்பியுங்கள்.