பழைய ஸ்கூட்டரும் பரக்கத்தான வணிகமும்

கடற்கரை ஊர்களில் இரும்புக்கு ஆயுள் குறைவு. கடலூர் முதுநகரிலும் பரங்கிப்பேட்டையிலும் வீசுகின்ற உப்புக்காற்று சன்னல் கம்பியையும் விடுவதில்லை, வாகனத்தையும் விடுவதில்லை. எனினும் இவ்வட்டாரத்து வீடுகள் சிலவற்றின் தாழ்வாரத்தில், சாக்குப் போர்த்திய பழைய ஸ்கூட்டர் ஒன்று இன்றும் நிற்பதைக் காணலாம். வாப்பா கைப்பிடியைப் பற்ற, மகன் முன்னே நிற்க, கைக்குழந்தையுடன் உம்மா பின்னே ஒருக்களித்து அமர, ஒரு குடும்பத்தையே சுமந்து சென்ற வண்டி அது.

அதனை என்ன செய்வது? காயலான் கடைக்கு எடைக்குப் போட்டுவிடுவதா? செப்பனிட்டு ஓட்டுவதா? விரும்பிக் கேட்பவருக்கு விற்பதா? எதைச் செய்தாலும் அதில் மார்க்கம் பேசுகின்ற ஒரு பொறுப்பு அடங்கியிருக்கிறது. அப்பொறுப்பைச் சுட்டிக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குளவியும் லம்ப்ரேட்டாவும்

நம் நாட்டில் ஓடிய பழைய ஸ்கூட்டர்களுள் பெரும்பாலானவை இத்தாலிய வம்சத்தைச் சேர்ந்தவை. இரண்டாம் உலகப் போரில் அந்நாட்டின் தொழிற்சாலைகள் குண்டுவீச்சுக்கு இரையாயின. விமானம் செய்துகொண்டிருந்த பியாஜியோ நிறுவனம், சாமானிய மக்கள் வாங்கத்தக்க ஒரு வாகனத்தைச் செய்ய முனைந்தது. ஹெலிகாப்டர் ஆய்வில் ஈடுபட்டிருந்த கொர்ராதினோ தஸ்கானியோ என்னும் பொறியாளர் அதனை வடிவமைத்தார். 1946-இல் வெளிவந்த அவ்வண்டிக்கு 'வெஸ்பா' என்று பெயர்; இத்தாலிய மொழியில் குளவி என்பது பொருள். மறு ஆண்டே, மிலான் நகரின் லம்ப்ராத்தே பகுதியிலிருந்து ஃபெர்டினாண்டோ இன்னொசென்டியின் நிறுவனம் 'லம்ப்ரேட்டா'வை வெளியிட்டது.

இரண்டும் பார்வைக்கு உடன்பிறப்புகள் போலத் தோன்றினும் உள்ளமைப்பில் வேறுபட்டவை. வெஸ்பாவுக்குத் தனியாகச் சட்டகம் கிடையாது. தகடே அதன் உடலும் எலும்பும் ஆகும். லம்ப்ரேட்டாவுக்கோ இரும்புக் குழாயாலான சட்டகம் உண்டு. பக்கத் தகடுகள் அதன்மேல் போர்த்தப்பட்டவை. இந்த வேறுபாட்டை வாசகர்கள் நினைவிற்கொள்ள வேண்டும், பின்னர் பயன்படும்.

மிலானிலிருந்து லக்னோவுக்கு

முதலில் லம்ப்ரேட்டாவைப் பார்ப்போம். பம்பாயில் ஏ.பி.ஐ. நிறுவனம் 1950-களில் அதனைப் பூட்டி விற்கத் தொடங்கியது. அந்நிறுவனம் சென்னையைச் சேர்ந்த எம்.ஏ. சிதம்பரம் குழுமத்தினுடையது, சேப்பாக்கம் கிரிக்கெட் அரங்கம் தாங்கி நிற்பது அவருடைய பெயரைத்தான். பின்னாளில் இவ்வண்டி 'லாம்பி' என்னும் பெயரில் விற்கப்பட்டது.

வெஸ்பாவைச் செய்யும் உரிமத்தைப் பெற்ற பஜாஜ் நிறுவனம் 1960 முதல் அதனை உற்பத்தி செய்தது. 1971-இல் அவ்வுறவு முடிந்தபின், அதே வம்சத்தில் 'சேத்தக்' பிறந்தது. பணம் கட்டிவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருந்த காலம் அது. அந்நியச் செலாவணியில் பணம் செலுத்துவோருக்கு விரைவில் வண்டி கிடைக்கும் ஏற்பாடும் இருந்தது. வெளிநாட்டில் உழைத்தவர்களின் குடும்பங்களுக்கு அதன் அருமை தெரியும்.

இவற்றினும் வியப்பானது லக்னோவின் கதை. இன்னொசென்டி நிறுவனம் ஸ்கூட்டர் உற்பத்தியைக் கைவிட்டபோது, அதன் இயந்திரங்களையும் வரைபடங்களையும் உரிமைகளையும் இந்திய அரசு விலைக்கு வாங்கியது. 1972-இல் லக்னோவில் ஸ்கூட்டர்ஸ் இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டது. உள்நாட்டில் 'விஜய் சூப்பர்' என்றும் வெளிநாடுகளில் 'லம்ப்ரேட்டா' என்றும் அதன் வண்டிகள் விற்கப்பட்டன. 1997-இல் ஸ்கூட்டர் உற்பத்தி நின்றது; 2021-இல் அந்நிறுவனத்தையே மூட மத்திய அரசு முடிவு செய்தது.

இதனால் விளைந்ததைக் கவனியுங்கள். லம்ப்ரேட்டாவின் பிறந்த வீட்டில் அச்சுகள் இல்லாமற் போயின. அவை நம் நாட்டிற்கு வந்து சேர்ந்தன. இங்கிலாந்திலும் இத்தாலியிலும் பழைய லம்ப்ரேட்டாவைப் பேணுகின்ற ஆர்வலர்கள் பல பாகங்களுக்கு இந்தியாவையே நோக்க வேண்டியதாயிற்று. ஓர் ஊரின் கைவினை மற்றோர் ஊரின் கையில் அமானிதமாக வந்து சேர்ந்தது எனலாம்.

மூவகைப் பாகங்கள்

பழைய வண்டிக்கு உதிரி பாகம் தேடுவோர் மூவகைச் சரக்கைக் காண்பர். முதலாவது, தொழிற்சாலையில் அன்று செய்யப்பட்டு, பிரிக்கப்படாமல் கடை அலமாரியில் தங்கிவிட்ட பாகம். இரண்டாவது, வேறொரு வண்டியிலிருந்து கழற்றப்பட்டது. சென்னைப் புதுப்பேட்டை இத்தகைய சரக்கிற்குப் பெயர்பெற்ற இடம். மூன்றாவது, பழையதைப் பார்த்து இன்று புதிதாகச் செய்யப்படுவது.

மூன்றிலும் நன்மை உண்டு. மூன்றிலும் குறையும் உண்டு. பிரிக்காத உறையில் உள்ள ஆயில் சீல், முப்பது ஆண்டுகள் சும்மா இருந்ததனாலேயே இறுகிப் போயிருக்கும். பொருத்திய சில நாட்களில் கசியத் தொடங்கும். கழற்றிய பாகத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். புதிதாகச் செய்த பல்சக்கரம் பளபளக்கும். ஆனால் உலோகம் மென்மையாக இருந்தால் விரைவில் தேய்ந்துவிடும். விஜய் சூப்பரின் எஞ்சின் பாகங்கள் பல பழைய ஏ.பி.ஐ. வண்டிக்குப் பொருந்தும், தகடுகளும் கைப்பிடிப் பகுதியும் பொருந்தமாட்டா. பஜாஜின் எல்லாப் பாகமும் எல்லா வெஸ்பாவுக்கும் சேர்ந்துவிடாது.

இவற்றையெல்லாம் விற்பவர் அறிவார். வாங்குபவர் பெரும்பாலும் அறியார். அறிந்தவரும் அறியாதவரும் சந்திக்கும் அந்த இடத்தில்தான் ஈமான் சோதிக்கப்படுகிறது.

பட்டியும் ஈரத் தானியமும்

பட்டறைகளில் 'பட்டி பார்த்தல்' என்பார்கள். தகட்டின் சிறு பள்ளங்களை நிரப்பி, தேய்த்து, வண்ணம் பூசுவது அது. முறையான வேலைதான். ஆனால் தகடு துருப்பிடித்து ஓட்டையாகிவிட்ட இடத்தில் பட்டியை அப்பி, மேலே பளபளப்பான வண்ணத்தைப் பூசி விற்பதும் உண்டு. இரண்டாயிரமாம் ஆண்டுகளில் நம் நாட்டிலிருந்து புதுப்பிக்கப்பட்ட பழைய ஸ்கூட்டர்கள் ஏராளமாக மேலைநாடுகளுக்குச் சென்றன. அவற்றுள் நல்லவை இருந்தன. வண்ணத்தைச் சுரண்டியபோது, பட்டியைத் தவிர உள்ளே ஒன்றுமில்லாதவையும் இருந்தன. இரு வண்டிகளின் பாதிகளைப் பற்றவைத்து ஒரு வண்டியாக்கியவையும் இருந்தன. அங்குள்ள ஆர்வலரிடையே, இந்தியாவில் புதுப்பித்த வண்டி என்றாலே ஐயத்தோடு பார்க்கும் நிலை உண்டாயிற்று. சிலரின் செயலுக்கு நேர்மையான தொழிலாளிகளும் விலை கொடுத்தனர்.

வெஸ்பாவின் தகடே அதன் எலும்பு என்று முன்னர்ச் சொன்னோம். ஆகவே அதன் தளத்தில் மறைக்கப்பட்ட துரு வெறும் அழகுக் குறைவன்று. நிறுத்தும் மிதி பொருத்தப்பட்ட இடமும், சுமை தாங்கும் இடமும் அதுவே. ஓடும்போது அது விட்டுப்போனால் மேலே இருப்பது ஒரு குடும்பம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றினுள் தம் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்ட நிகழ்ச்சியை முஸ்லிம் நூலில் காண்கிறோம். மழையில் நனைந்ததாக வியாபாரி காரணம் சொன்னார். மக்கள் காணும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என்று அண்ணலார் வினவினார்கள். ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றும் எச்சரித்தார்கள். தானியம் நனைந்தது குற்றமன்று. மழை யாரையும் கேட்டுப் பெய்வதில்லை. நனைந்ததை உலர்ந்ததன் கீழ் மறைத்ததே குற்றம். வண்டி துருப்பிடிப்பதும் அவ்வாறே. உப்புக்காற்றின்மீது பழி இல்லை; துருவின்மேல் பட்டியை அப்பி மௌனமாக இருப்பவர்மீதே பழி.

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, உள்ளதைத் தெளிவுபடுத்தினால் அவர்கள் வணிகத்தில் பரக்கத் உண்டாகும். மறைத்துப் பொய்யுரைத்தால் அது அழிக்கப்படும் என்னும் கருத்துடைய நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ளது. விற்றபின் மறைவான பழைய குறை வெளிப்பட்டால், பொருளைத் திருப்பித் தரும் உரிமையை வாங்கியவருக்கு ஃபிக்ஹுச் சட்டம் வழங்குகிறது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பலகை தொங்கவிடுவதனால், அறிந்தே மறைத்த குற்றம் நீங்கிவிடாது.

பழைய இரும்புக் கடைக்குத் தமிழில் 'காயலான் கடை' என்று பெயர். காயல்பட்டினத்து வணிகர்களால் வந்த பெயர் அது என்பர். பழம்பொருள் வணிகத்தில் நம் சமுதாயத்தின் பெயர் இப்படி மொழியிலேயே பதிந்திருக்கிறது. அப்பெயருக்கு இழுக்கு வராமல் காப்பது நம் கடமையல்லவா?

வாங்குவோர் கவனத்திற்கு

வண்டியின் தளத்தைக் கீழிருந்து பாருங்கள். சிறு காந்தம் ஒன்றைத் தகட்டின்மேல் நகர்த்துங்கள். கனமாகப் பட்டி அப்பிய இடத்தில் அது பிடிக்காது. எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் பதிவுச் சான்றோடு ஒப்பிடுங்கள். எண் தேய்க்கப்பட்டிருந்தால் விலகிவிடுங்கள். திருட்டுப் பொருளை அறிந்து வாங்குவது ஹராம். கழற்றிய எஞ்சினை வாங்கினாலும் ரசீது பெறுங்கள்.

பிரேக் ஷூ, கேபிள், டயர் ஆகியவற்றில் சிக்கனம் வேண்டா. இவ்வண்டிகளின் சக்கரம் இரு பாதிகளை நட்டால் இணைத்தது. காற்றை முழுவதும் இறக்காமல் அந்த நட்டைக் கழற்றினால் ரிம் வெடித்துப் பிரிந்து உயிருக்கே ஆபத்தாகும். பிள்ளைகளைத் தனியே அவ்வேலையில் ஈடுபடுத்தாதீர்கள்.

வீட்டில் நிற்கும் வண்டிக்கு

2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயலும், 2015 நவம்பரில் பெருமழையும் கடலூர் மாவட்டத்தை உலுக்கியதை மறக்க முடியாது. நீரில் மூழ்கிய வண்டியை உடனே உதைக்கலாகாது. சேறு கலந்த நீர் பிஸ்டனையும் பேரிங்கையும் கீறிவிடும். பிளக்கைக் கழற்றி, பெட்ரோலையும் கார்புரேட்டரையும் வடித்துத் துடைக்க வேண்டும். கியர் ஆயில் பால்போல வெளுத்திருந்தால் நீர் புகுந்துள்ளது, மாற்றிவிட வேண்டும். பிரேக் டிரம்மைத் திறந்து உலர்த்த வேண்டும்.

இப்போது விற்கப்படும் பெட்ரோலில் எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பரைக் கெடுக்கும். ஆதலால் ஓட்டாத வண்டியின் டாங்கில் பெட்ரோலை மாதக்கணக்கில் தேக்கி வைக்காதீர்கள். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு, அந்தந்த மாடலுக்குக் குறித்த அளவில் மட்டும் எண்ணெய் கலக்குங்கள். குறைந்தால் பிஸ்டன் இறுகும், மிகுந்தால் கரி அடையும். மாதம் ஒருமுறை தளத்தின் அடியில் நல்ல நீரால் கழுவி உலர்த்தி எண்ணெய் தடவினால் உப்பின் வேகம் தணியும்.

வாரிசுகளின் உரிமை

தந்தை விட்டுச்சென்ற ஸ்கூட்டர், ஓட்டத் தெரிந்த மகனுக்கு மட்டும் உரியதன்று. கடனும் வஸிய்யத்தும் போக, அதுவும் மீராஸில் சேரும். தாய்க்கும் சகோதரிகளுக்கும் அதில் பங்குண்டு. இத்தகைய வண்டிகளுக்கு இப்போது ஆர்வலர் நல்ல விலை தருவதால், பழைய இரும்புதானே என்று அலட்சியம் செய்ய இயலாது. வாரிசுகள் அனைவரும் மனமொப்பிய பின்னரே விற்கவோ ஒருவர் எடுத்துக்கொள்ளவோ வேண்டும். பின்னர்ப் படிவம் 31 வாயிலாகப் பதிவுச் சான்றில் பெயர் மாற்ற வேண்டும். 50 ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவம் மாறாத வண்டிகளைத் தொன்மை வாகனமாகப் பதிவு செய்ய 2021-ஆம் ஆண்டு விதி வழிவகுத்துள்ளது. ஆனால் அவ்வாறு பதிவு செய்ததை அன்றாடப் பயணத்திற்கு ஓட்டலாகாது.

அறுந்த செருப்பைத் தம் கையாலேயே தைத்துக்கொண்டவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். பழையதைப் பேணுவது இழிவன்று. வீண்விரயத்தைத் தவிர்க்கும் நற்செயலாகும். பிறருக்குக் காட்டிப் பெருமையடிக்கவும், வீட்டுச் செலவை ஒறுத்துப் பளபளப்பேற்றவும் தொடங்கினால் அதுவே வீண்விரயமாகிவிடும். உங்கள் தாழ்வாரத்து ஸ்கூட்டரைப் பேணுங்கள். அல்லது பேணத் தெரிந்தவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது அதன் துருவையும் காட்டிக் கொடுங்கள். விலையில் சிறிது குறையலாம். பரக்கத்தில் குறையாது, இன்ஷா அல்லாஹ்.